பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு கேம் உருவாக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி? காகிதத்தில் தொடங்கி கோடிங் வரை

12 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு, சொந்தமாக ஒரு கேம் செய்யக் கற்றுக்கொடுக்க நினைக்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் நூலகங்களில் கோடை வகுப்பு எடுப்பவர்களுக்கும் இந்த வழிகாட்டி. நீங்கள் கோடிங்கில் கைதேர்ந்தவராக இருக்க வேண்டியதில்லை. பிள்ளைகளைவிட ஒரு வாரம் முன்னால் இருந்தால் போதும்.

பல வகுப்புகளில் வேரியபிள் (ஒரு மதிப்பைச் சேமித்துவைக்கும் பெயர்), லூப் (திரும்பத் திரும்பச் செய்வது), கண்டிஷன் (நிபந்தனை) என்று வரிசையாகப் பாடம் நடத்திவிட்டு, கடைசி வாரத்தில் எல்லோரையும் ஒரே கேமைச் செய்யவைக்கிறார்கள். ஆசிரியர் சொல்லச் சொல்ல பிள்ளைகள் செய்கிறார்கள், கேம் ஓடுகிறது, எல்லோருக்கும் சந்தோஷம். வீட்டுக்குப் போய் தனியாக உட்கார்ந்தால் எங்கே தொடங்குவது என்றே தெரிவதில்லை. அந்த கேமில் ஒரு முடிவையும் அவர்கள் எடுக்கவில்லையே! அதனால் வரிசையை மாற்றுங்கள். முதலில் விளையாட்டின் விதிகள். பிறகு, அந்த விதிகள் கேட்கும் அளவுக்கு மட்டும் கோடிங். கேம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. அது அந்தப் பிள்ளையின் யோசனையாக இருக்க வேண்டும், முடிந்திருக்க வேண்டும், வேறு யாராவது அதை ஆடிப் பார்த்திருக்க வேண்டும்.

தொடங்கும் முன்

வாரம் இரண்டு நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம், எட்டு வாரம் கிடைத்தால் நிதானமாகச் செய்யலாம். ஒருவரே நடத்துவதானால் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மேல் சேர்க்காதீர்கள். ஒரு கணினிக்கு இரண்டு பேர் என்பது வசதிக் குறைவால் செய்யும் ஏற்பாடாகத் தோன்றலாம். உண்மையில் அதுதான் நல்லது. ஒருவர் சொல்ல, மற்றவர் செய்யும்போது யோசனை வாய்வழியாக வெளியே வருகிறது. ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மவுஸ் கைமாறியே ஆக வேண்டும். போன் அலாரத்தை வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சத்தமாகப் பேசும் பையன் கையிலேயே மவுஸ் தங்கிவிடும். பக்கத்தில் இருக்கும் பெண் எட்டு வாரமும் வேடிக்கை பார்ப்பாள். இதை நீங்கள்தான் கவனித்துத் தடுக்க வேண்டும்.

மென்பொருளுக்கு ஸ்கிராட்ச் போதும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் உருவாக்கி 2007-ல் வெளியிட்டது. முற்றிலும் இலவசம். கட்டளைகளைத் தட்டச்சு செய்யாமல், வண்ண வண்ண பிளாக்குகளாக இழுத்துப் பொருத்தலாம். இணையம் விட்டு விட்டு வரும் இடங்களில் ஆஃப்லைன் செயலியை முன்கூட்டியே எல்லாக் கணினிகளிலும் பதிந்துவிடுங்கள். விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். தமிழ்நாட்டில் 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தின் பழைய கருவிகள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. அதில் புதிய ஸ்கிராட்ச் ஓடாவிட்டால் பழைய 1.4 பதிப்பைப் போட்டுப் பாருங்கள். அதில் குளோன் வசதி, அதாவது ஓர் உருவத்தை நகலெடுத்துப் பலவாக்கும் வசதி, கிடையாது. 2013-ல் வந்த 2.0 பதிப்பில்தான் அது சேர்ந்தது.

இவற்றோடு சார்ட் தாள், சோழி அல்லது தாயக்கட்டை, புளியங்கொட்டை, ஆளுக்கொரு நோட்டு.

படி 1: கணினியைத் திறக்காமல் இரண்டு வகுப்புகள்

முதல் நாளே கணினி வேண்டும் என்று கேட்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். பரமபதம், தாயம், ஆடு புலி ஆட்டம் மூன்றையும் பரப்பி வைத்து, மாற்றி மாற்றி ஆடச் சொல்லுங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி: "இதுல நீ எங்கெங்க யோசிச்சு முடிவெடுத்த?"

பரமபதத்தில் ஓர் இடத்திலும் இல்லை. கட்டை என்ன சொல்கிறதோ அதுதான். இருந்தும் கடைசிப் பெரிய பாம்புக்கு முன்னால் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஏன் என்று அவர்களையே பேசவிடுங்கள். தாயத்தில் கட்டையும் உண்டு, முடிவும் உண்டு: எந்தக் காயை நகர்த்துவது, வெட்டுவதா, வெட்ட முடியாத மலைக் கட்டத்தில் ஏறி ஒதுங்குவதா. ஆடு புலி ஆட்டத்தில் அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை. அதோடு இரண்டு பக்கமும் சமமும் இல்லை. நம் ஊரில் பரவலாக ஆடும் முறையில் 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். புலி தாண்டி வெட்டும். ஆட்டுக்கு அந்த வழியில்லை, கூட்டமாக நின்று புலியை அடைக்கத்தான் முடியும். இரண்டு பக்கமும் வேறு வேறு பலம் கொண்டிருந்தும் ஆட்டம் எப்படி நியாயமாக இருக்கிறது என்பது கேம் வடிவமைப்பின் மையமான கேள்விகளில் ஒன்று. அதற்கான பாடப்புத்தகம் பல ஊர்க் கோயில்களின் கல் தரையிலேயே செதுக்கப்பட்டுக் கிடக்கிறது.

அடுத்த பயிற்சிதான் முக்கியம். ஆடு புலியில் ஏதாவது ஒரு விதியை மட்டும் மாற்றி ஆடச் சொல்லுங்கள். ஆடு 12 ஆனால்? புலி இரண்டானால்? புலி ஒரே நேரத்தில் இரண்டு ஆடுகளைத் தாண்டலாம் என்றால்? ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். என்ன நடக்கும் என்று முதலில் நோட்டில் ஊகம் எழுத வேண்டும், ஆடிய பிறகு நடந்ததை எழுத வேண்டும். ஓர் எண்ணை மாற்றியதும் ஆட்டமே சப்பென்று போவதைக் கண்ணால் பார்த்த பிள்ளை, பின்னால் கணினியில் வேகத்தையும் நேரத்தையும் அசட்டையாகப் போடாது.

படி 2: ஒரே ஒரு பக்கம்

"என்ன கேம் செய்யப் போற?" என்று கேட்டால் முதல் பதில் ஃப்ரீ ஃபயர், மைன்கிராஃப்ட் என்றுதான் வரும். கேலி செய்யாதீர்கள். அந்த கேமில் எந்த நிமிடம் அவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும் என்று கேளுங்கள். "ஒளிஞ்சிருந்து பாக்குறது" என்பான் ஒருவன். "வட்டம் சுருங்கி வர்றப்ப வர்ற பயம்" என்பாள் இன்னொருத்தி. அந்த ஒரு நிமிடத்தை மட்டும் கேமாக்க முடியும். வியட்நாமைச் சேர்ந்த டோங் நுயென் 2013-ல் தனி ஆளாக வெளியிட்ட ஃபிளாப்பி பேர்டில் பறவையைத் தட்டி மேலே எழுப்புவது, குழாய்களுக்கு நடுவே நுழைவது, அவ்வளவுதான். உலகமே ஆடியது.

யோசனை வராத பிள்ளையிடம் வீட்டில் தினமும் நடப்பதைக் கேளுங்கள். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, கோடை விடுமுறையில் தன் பாட்டி மொட்டை மாடியில் வடகம் காயவைத்துவிட்டு தன்னைக் காவலுக்கு உட்காரவைப்பதைச் சொன்னாள். அதுவே அவளுடைய கேம் ஆனது. அவள் எழுதிய ஒரு பக்கத்தின் சாரம் இது:

ஆடுபவர் என்ன செய்வார்? பாயைச் சுற்றி ஓடிக் காக்கையை விரட்டுவார்.
எது எதிர்ப்பு? நாலு பக்கத்திலிருந்தும் வரும் காக்கைகள்.
எப்போது தோல்வி? 20 வடகமும் போய்விட்டால்.
எப்போது வெற்றி? 60 வினாடியில் பொழுது சாயும்போது ஒரு வடகமாவது மிஞ்சினால்.
என்ன முடிவெடுக்க வேண்டும்? எந்தக் காக்கையை முதலில் விரட்டுவது.

கடைசி வரியை நிரப்ப முடியாத யோசனைகளைத் திருப்பிக் கொடுத்து, இன்னும் யோசிக்கச் சொல்லுங்கள். மற்றபடி கதை, பின்னணி, பத்து லெவல், பாஸ் சண்டை எதுவும் இந்தத் தாளில் வேண்டாம். "அப்புறம் சேர்க்கலாம்" என்று தாளின் பின்பக்கத்தில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். பிள்ளையின் ஆசை பின்பக்கத்தில் பத்திரமாக இருக்கும், கேமும் முடியும்.

படி 3: ஸ்கிராட்சில் முதல் ஓட்டம்

திரையின் கணக்கை முதலில் சொல்லிவிடுங்கள். ஸ்கிராட்ச் மேடையின் அகலம் 480, உயரம் 360, நடுப்புள்ளி பூஜ்யம். இடது ஓரம் −240, வலது ஓரம் 240. கீழே −180, மேலே 180. கணக்குப் புத்தகத்தின் வரைபடத் தாள்தான் இது என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரியும். வேரியபிள்களுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கச் சொல்லுங்கள்: வடகம், நேரம், வேகம். பெயர் புரிந்தால் பாதி பக் (கோடிங் பிழை) வராது.

எல்லா பிளாக்குகளையும் விளக்க உட்காராதீர்கள். கேம் கேட்கும்போது கொடுங்கள். பெரும்பாலும் தேவை இந்த வரிசையில் வரும்: அம்புக்குறி விசையால் நகர்த்துவது, தொட்டால் ஏதாவது நடப்பது, எண்ணிக்கை வைப்பது, நேரம் குறைவது, ஒன்றைப் பலவாக்குவது, கேம் முடிந்ததைச் சொல்வது.

வடகம் கேமில் காக்கைக்கான கட்டளைகளைச் சாதாரணத் தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்:

கேமைத் தொடங்கும் பச்சைக் கொடியை அழுத்தியதும் ஒளிந்துகொள். பிறகு எப்போதும்: 2 வினாடி பொறு, உன்னைப் போல ஒரு குளோன் செய்.
குளோனாகப் பிறந்ததும்: மேல் ஓரத்தில் ஏதாவது ஓர் இடத்துக்குப் போ, வெளியே தெரி, பாயை நோக்கித் திரும்பு. பிறகு எப்போதும்: 3 அடி நகர் (ஓர் அடி என்பது மேடைக் கணக்கில் 1). ஆடுபவர் நகர்த்தும் சிறுமியைத் தொட்டால் அழிந்துபோ. பாயைத் தொட்டால் வடகத்தில் ஒன்றைக் குறை.

முதலில் இப்படித் தமிழில் நோட்டில் எழுதவைத்துவிட்டு, பிறகு பிளாக்காக மாற்றச் சொல்லுங்கள். ஒரு பக்கத்திலிருந்து காக்கை வந்துவிட்டால் மற்ற மூன்று பக்கங்களை அவர்களே சேர்த்துக்கொள்வார்கள்.

இந்தக் கட்டளைகளில் ஒரு பக் ஒளிந்திருக்கிறது. ஓடவிட்டால் முதல் காக்கை பாயைத் தொட்டதுமே 20 வடகமும் கண்ணிமைக்கும் நேரத்தில் காணாமல் போகும். "கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு" என்பார்கள். உடனே விடையைச் சொல்லிவிடாதீர்கள், மவுஸையும் வாங்காதீர்கள். இரண்டு கேள்வி போதும்: "என்ன நடக்கணும்னு நினைச்ச? இப்ப என்ன நடக்குது?" அடுத்து, அந்த லூப்புக்குள் வடகத்தைக் குறைக்கும் பிளாக்குக்குக் கீழே "1 வினாடி பொறு" என்ற பிளாக்கைப் போட்டு மெதுவாக ஓடவிடச் சொல்லுங்கள். வினாடிக்கு ஒன்றாக வடகம் குறைவது தெரியும். ஸ்கிராட்ச் அந்த லூப்பை வினாடிக்கு சுமார் 30 தடவை சுற்றுகிறது. காக்கை பாய் மேல் நிற்கும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வடகம் போகிறது. முக்கால் வினாடிகூட ஆகாமல் 20-ம் காலி. ஒன்றைக் குறைத்த கையோடு குளோனை அழித்தால் சரியாகிவிடும். இதைத் தானே கண்டுபிடித்த பிள்ளைக்கு லூப் என்றால் என்ன என்று இனி யாரும் விளக்க வேண்டாம்.

குளோனை அழிக்க மறந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே நேரத்தில் 300 குளோன்தான் ஸ்கிராட்ச் அனுமதிக்கும். அதற்கு மேல் புதியது பிறக்காது, எச்சரிக்கையும் வராது. "திடீர்னு காக்கா வர்றது நின்னுடுச்சு" என்று யாராவது சொன்னால் முதலில் அங்கே பாருங்கள்.

ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் கோப்பை புதுப் பெயரில் சேமிக்கச் சொல்லுங்கள்: வடகம் 1, வடகம் 2, வடகம் 3. நேற்று ஓடியது இன்று ஓடவில்லை என்றால் திரும்பிப் போக இடம் இருக்கும்.

படி 4: குதித்தல்

பாதிப் பிள்ளைகளாவது குதிக்கும் கேம்தான் கேட்பார்கள். 60 மேலே போ, 60 கீழே வா என்று செய்து பார்த்துவிட்டு "நல்லாவே இல்ல" என்று அவர்களே வருவார்கள். அப்போது ஈர்ப்புவிசையைக் கொண்டுவாருங்கள்.

வேகம் என்று ஒரு வேரியபிள். குதிக்கும் விசையை அழுத்தினால் வேகம் 12. ஒவ்வொரு சுற்றிலும் உயரத்தோடு வேகத்தைக் கூட்டு, பிறகு வேகத்தில் 1 குறை. அதாவது 12 மேலே, 11 மேலே, 10 மேலே என்று போய், பூஜ்யமாகி, −1, −2 என்று கீழே வருகிறது. உச்சி உயரம் எவ்வளவு? 12 முதல் 1 வரை கூட்டினால் 78. மேலே போக 12 சுற்று, அதாவது சுமார் 0.4 வினாடி. இந்தக் கணக்கைப் பலகையில் போடுங்கள். குறைப்பதை 2 ஆக்கினால் உயரம் 42 மட்டுமே, விழுவதும் சீக்கிரம். நிலாவில் குதிப்பது போல வேண்டுமென்றால் 0.5 ஆக்கலாம். ஒன்பதாம் வகுப்பு அறிவியலின் இயக்கச் சமன்பாடுகள் இங்கே கையில் பிடித்துப் பார்க்கும் பொருளாகிவிடுகின்றன. கணக்கு என்றாலே ஒதுங்கும் பிள்ளைகள் தாங்களாகவே எண்களைக் கூட்டிப் பார்ப்பதை இந்த வகுப்பில் நீங்கள் பார்க்கலாம்.

தரையில் இறங்கும்போது கால் உள்ளே புதையும். 12 அடி வேகத்தில் வருகிறவன் தரைக்கு 5 அடி முன்னால் இருந்தால், அடுத்த சுற்றில் 7 அடி உள்ளே போய்விடுவான். "தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் வரை ஒவ்வொரு அடியாக மேலே ஏறு" என்று சேர்த்து, கூடவே வேகத்தையும் பூஜ்யமாக்கினால் சரியாகும்.

படி 5: அடுத்தவர் ஆட, நாம் வாய் திறக்காமல் பார்ப்பது

நான்காம் வாரத்துக்குள் கேம் அரைகுறையாகவாவது ஓட வேண்டும். அப்போது ஆளை மாற்றி உட்காரவையுங்கள். கேமைச் செய்தவர் பின்னால் நிற்க வேண்டும், கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும், ஒரு வார்த்தை பேசக் கூடாது. "அது அப்படி இல்ல, அந்தப் பட்டனை அழுத்து" என்று வாய் துடிக்கும். அந்தத் துடிப்பு வந்த ஒவ்வொரு இடத்தையும் நோட்டில் குறிக்க வேண்டும். கேம் தானாகச் சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லாமல் விட்ட இடம் அது.

வடகம் கேமை ஆடிய பையன் சிறுமியைப் பாயின் நடுவிலேயே நிறுத்திவிட்டான். வருகிற காக்கை எல்லாம் அவள் மேல் மோதிப் போனது. நகரவே இல்லை, ஜெயித்துவிட்டான். செய்தவள் முகம் வாடிவிட்டது. ஆனால் அவள் ஒரு பக்கத்தில் எழுதியிருந்த "எந்தக் காக்கையை முதலில்" என்ற முடிவுக்கு இங்கே இடமே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. இரண்டு மாற்றம் செய்தாள்: பாயைப் பெரிதாக்கினாள், சிறுமி பாய் மேல் கால் வைத்தால் வடகம் உடையும் என்று விதி சேர்த்தாள். இரண்டாவது மாற்றத்தைச் சொல்லிக்கொடுத்தது அவள் பாட்டிதான். கேம் உயிர் பெற்றது அந்த விதியால்.

எண்களைச் சரிசெய்ய ஒரு முழு வகுப்பை ஒதுக்குங்கள். காக்கை 3 அடி வேகத்தில் மேல் ஓரத்திலிருந்து நடுவுக்கு வர 2 வினாடி ஆகிறது. 4 ஆனால் ஒன்றரை வினாடி. போகப் போக கடினமாக வேண்டும் என்றால் நேரம் குறையக் குறைய காத்திருப்பைக் குறைக்கலாம். இந்த இடத்தில் பிள்ளைகளுக்கு ஸ்பேஸ் இன்வேடர்ஸ் கதையைச் சொல்லுங்கள். 1978-ல் டொமோஹிரோ நிஷிகாடோ அதை உருவாக்கியபோது, திரையில் எதிரிகள் குறையக் குறைய கருவியின் சுமை குறைந்து மிச்ச எதிரிகள் வேகமெடுத்தன. அவர் அதைத் திருத்தாமல் அப்படியே விட்டார். பதற்றம் ஏறிக்கொண்டே போகும் அந்த உணர்வுதான் கேமின் உயிரானது.

படி 6: படமும் சத்தமும்

இதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலிலேயே விட்டால் பாத்திரங்களுக்கு உடை வரைவதிலேயே மூன்று வாரம் போய்விடும். காகிதத்தில் வரைந்து போனில் படமெடுத்துச் சேர்ப்பது அழகாக வரும். காக்கைச் சத்தத்தைப் பிள்ளைகளே வாயால் கத்திப் பதியட்டும், வகுப்பே கலகலப்பாகும். வெளியிலிருந்து எடுப்பதானால் பொதுப் பயன்பாட்டுக்கு என்றே கொடுக்கப்பட்ட படங்களை எடுங்கள். கென்னி (kenney.nl) தளத்தில் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. சினிமாப் பாட்டும் மாரியோ படமும் வேறொருவர் உழைப்பு என்பதை இந்த வயதிலேயே சொல்லிவிடுவது நல்லது. கேமை இணையத்தில் பகிரும்போது உண்மைப் பெயர், பள்ளி, போன் எண், சொந்தப் புகைப்படம் எதுவும் வேண்டாம்.

எப்போது எழுத்து வடிவ கோடிங்குக்குப் போவது?

பிளாக்குகளின் எண்ணிக்கை திரையைத் தாண்டிப் போய், "இதைத் தேடி எடுக்கறதே கஷ்டமா இருக்கு" என்று பிள்ளையே சொல்லும்போது. வயதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

அப்போது புது கேம் வேண்டாம். ஏற்கெனவே செய்த அதே கேமைத் திரும்ப எழுதச் சொல்லுங்கள். விதிகள் தலையில் இருப்பதால் மொழி ஒன்றுதான் புதிது. பைத்தான் மொழியும், கேம் செய்ய அதோடு சேர்த்துக்கொள்ளும் பைகேம் தொகுப்பும் ஒரு வழி. பைத்தான் 3-ல் வேரியபிள் பெயரைத் தமிழ் எழுத்திலேயே வைக்கலாம், அப்படியே ஓடும். இன்னொரு வழி கோடோ (Godot). அர்ஜென்டினாவைச் சேர்ந்த இருவர் தொடங்கி 2014-ல் எல்லோருக்கும் திறந்துவிட்ட இலவச கேம் எஞ்சின், அதாவது கேம் உருவாக்குவதற்கான மென்பொருள். அதன் ஜிடிஸ்கிரிப்ட் மொழி பார்க்க பைத்தான் போலவே இருக்கும். கேமைப் போனில் போட்டு நண்பர்களிடம் காட்ட வேண்டும் என்ற ஆசை உள்ளவர்களுக்கு நான் கோடோவைத்தான் சொல்வேன்.

ஏஐ செயலியிடம் கேட்டு கோடிங் வரிகளை வாங்கி ஒட்டுவதும் இந்தக் கட்டத்தில் தொடங்கும். தடை போட்டால் மறைவாகச் செய்வார்கள். ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: ஒட்டிய ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லத் தெரிய வேண்டும், தெரியாத வரியை அழித்துவிட வேண்டும். கேமின் யோசனையையும் விதிகளையும் மட்டும் செயலியிடம் கேட்கவே கூடாது.

கடைசி நாள்

பெற்றோர், தாத்தா பாட்டி, கீழ் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரையும் அழையுங்கள். மேடையும் பேச்சும் பரிசும் வேண்டாம். யார் கேம் சிறந்தது என்ற போட்டியும் வேண்டாம். கணினிகளை வரிசையாக வைத்து, வருகிறவர்கள் உட்கார்ந்து ஆடட்டும். ஒவ்வொரு கணினி பக்கத்திலும் ஒரு தாள் வைத்து, எங்கே திணறினார்கள், எங்கே சிரித்தார்கள் என்று செய்தவர்களே குறிக்கட்டும். எல்லாக் கோப்புகளையும் பென்டிரைவில் போட்டுக் கையில் கொடுத்தனுப்புங்கள்.

இன்னும் செய்ய வேண்டும் என்று நிற்கும் மூத்த பிள்ளைகளுக்கு கேம் ஜாம்களைச் சொல்லுங்கள். 2002-ல் தொடங்கிய லூடம் டேர், 2009 முதல் நடக்கும் குளோபல் கேம் ஜாம் இரண்டிலும் ஒரு தலைப்பைக் கொடுத்து, சில நாட்களுக்குள் ஒரு கேமை முடிக்கச் சொல்வார்கள். அதையே உங்கள் வகுப்பறையில் ஒரு சனி, ஞாயிறில் நடத்தலாம். தலைப்பை ஏதாவது ஒரு பிள்ளை சீட்டு குலுக்கி எடுக்கட்டும். அன்றும் முதல் ஒரு மணி நேரம் கணினியைத் திறக்க விடாதீர்கள்.